கடை விளையாட்டு செட்டும் அந்தக் கல்லாப்பெட்டியும்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் எங்கள் வகுப்பின் பொம்மைக் கல்லாப்பெட்டி மூன்றாவது முறையாகப் பழுது பார்த்து வந்தது. அதே வாரம், புதிதாக மழலையர் வகுப்பு எடுக்கப்போகும் தோழி ஒருத்தி போனில் கேட்டாள். "அக்கா, உங்க வகுப்புல இருக்கிற கடை செட் மாதிரியே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நல்லா இருக்கா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன், உடனே "வேண்டாம்" என்றும் சொல்லத் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

செட்டில் என்னென்ன வரும் என்று நான் பட்டியல் போடப் போவதில்லை. மர அலமாரி, முன்னால் ஒரு கவுன்டர், இரண்டு தட்டுத் தராசு, தள்ளுவண்டி, காய்கறி பழப் பொம்மைகள், பேட்டரியில் ஓடும் கல்லாப்பெட்டி. எல்லா செட்டிலும் ஏறக்குறைய இவைதான். எங்கள் வகுப்பில் மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். வாரத்தில் நான்கு நாள் கடை திறந்திருக்கும். நான்கு வருடமாக இந்த அடியைத் தாங்கியிருக்கிறது.

மரச்சாமான் விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலைகள் உருட்டப்பட்டிருக்கின்றன, பெயின்ட் உரியவில்லை, அலமாரியில் ஒரு பையன் ஏறி நின்றபோதும் ஆடவில்லை. (ஏறியது தப்பு. அன்றே அதைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துப் பிணைத்துவிட்டோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.) கவுன்டரின் உயரம் பிள்ளைகளின் இடுப்புக்குச் சற்று மேலே வருகிறது. நின்றபடியே பொருளை வைக்கலாம், எடுக்கலாம், அந்தப் பக்கம் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். இந்த உயரத்தை யாரோ பிள்ளைகளை நிற்க வைத்து அளந்து பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

தராசைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நான் அதை ஒரு அலங்காரம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். இன்று கடையில் அதுதான் என் செல்லம். ஒரு தட்டில் பெரிய காலி அட்டைப்பெட்டி, இன்னொன்றில் சின்ன மர ஆப்பிள். பெட்டி மேலே போகிறது, ஆப்பிள் கீழே வருகிறது. பெரியது எப்படி மேலே போகும் என்று நான்கு வயதுப் பெண் ஒருத்தி நம்பவே இல்லை. எடுத்து எடுத்து ஏழெட்டு முறை வைத்துப் பார்த்தாள், தட்டுகளை மாற்றி வைத்துப் பார்த்தாள், கடைசியில் பெட்டிக்குள் கையை விட்டு, "உள்ள ஒண்ணுமே இல்ல மிஸ்" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பல விஷயங்களைவிட அது நன்றாக நடந்தது.

சரி, இப்போது கல்லாப்பெட்டிக்கு வருகிறேன்.

பொத்தானை அழுத்தினால் சத்தம். ஸ்கேனரை நீட்டினால் சத்தம். ஸ்பிரிங்கோடு இழுப்பறை வெளியே பாயும்போது இன்னொரு சத்தம். ஒலியைக் குறைக்க வழியே இல்லை, அணைத்தால் எண் காட்டும் திரையும் சேர்ந்து அணைந்துவிடும். இழுப்பறையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி பிளாஸ்டிக். அது தேய்ந்தால் இழுப்பறை மூடாது, மூடாததைப் பிள்ளைகள் அறைந்து மூடுவார்கள், அறைந்தால் கொக்கி உடையும். முதல் வருடம் ஸ்பிரிங் போனது, அடுத்து ஸ்கேனரின் ஒயர், இப்போது கொக்கி. விற்றவர்களிடம் கொக்கி மட்டும் கேட்டேன். தனியாகக் கிடையாது, முழு செட்டாகத்தான் தருவார்களாம். நகத்தளவு பிளாஸ்டிக்குக்காக நல்ல மர அலமாரியைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நியாயமாகவும் இருக்க வேண்டும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளால் திறக்க முடியாது. உள்ளே இருப்பது சாதாரண பேட்டரி, காசு மாதிரித் தட்டையாக இருக்கும் பட்டன் செல் இல்லை. இது பெரிய விஷயம். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாக்கிவிடும். விளையாட்டுச் சாமான் வாங்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி மூடியைத்தான். பழுது பார்த்து வந்த பெட்டியில் ஒரு ஸ்க்ரூவைக் காணவில்லை. வேறு ஸ்க்ரூ போட்ட பிறகுதான் பிள்ளைகள் பக்கம் கொண்டுபோனேன். செட்டோடு வந்த பிளாஸ்டிக் நாணயங்களை முதல் நாளே எடுத்து வைத்துவிட்டேன். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை உண்டு, விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். எங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்கள்தான். ஆனாலும் எதையும் வாயில் போட்டுப் பார்ப்பவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இப்போது உள்ளங்கை அகலத்தில் அட்டையில் வெட்டிய வட்டங்கள்தான் எங்கள் காசு.

என் உண்மையான மனக்குறை உடைவது பற்றியது அல்ல. அந்தச் சத்தம் பற்றியது. நிஜக் கல்லாவில் சத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1879இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி தன் சகோதரர் ஜானோடு சேர்ந்து முதல் கல்லா இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வேலையாட்கள் பணத்தைச் சுருட்டுவதைத் தடுப்பதுதான் நோக்கம். பின்னால் அந்த இயந்திரங்களில் மணி சேர்ந்தது, விற்பனை நடந்தது முதலாளி காதில் விழட்டும் என்று. ஸ்கேனரின் 'பீப்'புக்கும் பொருள் உண்டு. 1974 ஜூன் 26 அன்று அதே நாட்டின் ஓஹையோ மாநிலத்து டிராய் ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதன்முதலில் பார்கோடு வைத்துக் கடையில் விற்றார்கள். இன்றும் ஒரு பீப் என்றால் ஒரு பொருள் கணக்கில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பொம்மைக் கல்லாவில் அந்த அர்த்தம் இல்லை. ஒரே பெட்டியைக் காட்டி ஐந்து முறை பீப் போடலாம். பொருளே இல்லாமலும் போடலாம். பிள்ளைகள் போட்டார்கள். கல்லாவில் உட்காருபவர் பொத்தானை அழுத்துவார், வாங்க வந்தவர் நின்று வேடிக்கை பார்ப்பார், இரண்டு மூன்று நிமிடத்தில் "என் டர்ன்" என்று அடுத்தவர் இழுப்பார். கடையில் அழுகை என்றால் அது கல்லாப்பெட்டிக்காகத்தான். பாவனை விளையாட்டைக் கவனித்து எழுதிய சாரா ஸ்மிலான்ஸ்கி 1968இல் சொன்ன அடையாளங்களில் இரண்டு எனக்குப் பயிற்சிக் காலத்திலிருந்து மனதில் நிற்கின்றன. விளையாட்டு குறைந்தது 10 நிமிடமாவது தொடர வேண்டும், விளையாடுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும். எங்கள் கல்லாவைச் சுற்றி இரண்டுமே இல்லை.

கொக்கி உடைந்து பெட்டி ஒரு மாதம் வெளியே போயிருந்தது. முதல் நாள் பிள்ளைகள் முகம் வாடித்தான் போனது. அப்புறம் ஒருத்தி காலி ஷூ பெட்டியைக் கவுன்டரில் வைத்தாள். மூடிதான் இழுப்பறை. ஒரு மரக்கட்டையை எடுத்து ஸ்கேனர் என்றாள். ஒரு குச்சி குழந்தையின் கையில் குதிரையாவதைப் பற்றி ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் பேசியதைப் படித்திருக்கிறேன். அன்று மரக்கட்டை ஸ்கேனர் ஆனதை நேரில் பார்த்தேன். சத்தம் வேண்டுமே? வாயால் போட்டாள். "பீப், ஒண்ணு. பீப், ரெண்டு. பீப், மூணு." ஒரு பொருளுக்கு ஒரு பீப். பக்கத்திலிருந்தவன் ஒரு பெட்டிக்கு இரண்டு பீப் சொன்னபோது, "அது ஒண்ணுதானே, ஏன் ரெண்டு தடவ சொல்ற?" என்று திருத்தினாள்.

எண்ணுவதன் அடிப்படை விதிகளில் முதலாவது இதுதான். ஒரு பொருளுக்கு ஒரு எண், எதையும் விடக் கூடாது, எதையும் இரண்டு முறை எண்ணக் கூடாது. உளவியலாளர்கள் கெல்மனும் கேலிஸ்டலும் 1978இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது. இதற்காக நான் மணிகள் கோத்தேன், குச்சிகள் அடுக்கினேன், அட்டைகள் செய்தேன். அந்த விதி ஒரு காலி ஷூ பெட்டியின் முன்னால் தானாக நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் இருந்தவரை பீப்பை அது சொல்லிக்கொண்டிருந்தது, எண்ண வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அந்த மாதம் வேறு விஷயங்களும் மாறின. திரை இல்லாததால் பில் எழுத வேண்டி வந்தது. சின்னத் துண்டுத் தாள்களை நூலில் கோத்து, பென்சிலும் கட்டித் தொங்கவிட்டேன். எழுத்துத் தெரியாதவர்கள் கோடு கிழித்தார்கள், மூன்று பொருளுக்கு மூன்று கோடு. ஒருவன் ஆப்பிளுக்கு வட்டமே போட்டான். விலைச்சீட்டுகளில் எண்களுக்குப் பதில் புள்ளிகள் வைத்தேன், ஒன்றிலிருந்து ஐந்து வரை. புள்ளிகளுக்குச் சமமாக அட்டைக் காசு கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் அதைத் தாண்டியதும் எண்ணையும் புள்ளியையும் சேர்த்து எழுதினேன்.

காலிப் பெட்டிகளைப் பற்றி யாராவது கேட்டால் நான் நிறையப் பேசுவேன், இங்கே வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பொம்மைக் காய்கறிகளைவிட வீடுகளிலிருந்து வந்த காலி அட்டைப்பெட்டிகளைத்தான் பிள்ளைகள் விரும்புகிறார்கள், அதன் மேல் இருக்கும் எழுத்தையும் படத்தையும் அடையாளம் தெரிந்து "படிக்கிறார்கள்". உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து டேப் ஒட்டினால் மாதக்கணக்கில் நசுங்காது. மருந்துப் பெட்டி, சோப்புத்தூள், சுத்தம் செய்யும் திரவத்தின் பாட்டில் எதுவும் கூடவே கூடாது, எவ்வளவு கழுவினாலும். கடையில் எடுத்து விளையாடியதை வீட்டிலும் எடுப்பார்கள். கொட்டை வகைகள் இருந்த டப்பாக்களும் ஒவ்வாமை காரணமாக வேண்டாம். ஒவ்வொரு பொருளிலும் இரண்டு மூன்றாவது இருக்கட்டும், ஒன்றே ஒன்று இருந்தால் எண்ண என்ன இருக்கிறது? முதல் வாரம் எட்டு பொருள் போதும். அலமாரியில் ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்தை வரைந்து ஒட்டிவிட்டால் கடை மூடும் வேலையை அவர்களே செய்துவிடுவார்கள்.

மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வகுப்பில் யாரோடும் பேசாத ஒரு பையன் இருந்தான். வரிசையில் நிற்பான், சாப்பிடுவான், பேசமாட்டான். அவன் தினமும் அந்தக் கல்லாவின் பின்னால் போய் நின்றான். சத்தம் கேட்டு மற்ற பிள்ளைகள் அவனைத் தேடி வந்தார்கள், பொருளை நீட்டினார்கள், காசு கொடுத்தார்கள். பேச வேண்டிய அவசியமே இல்லாமல் அவனுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது, ஒரு மரியாதை இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "அடுத்து". ஷூ பெட்டி மட்டும் இருந்திருந்தால் அவன் அங்கே வந்திருப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பெட்டியைத் திட்டும்போதெல்லாம் அவன் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆனாலும் தோழிக்கு நான் சொன்ன பதில், "வாங்காதே." நான்கு வருடம் உழைத்த அலமாரி, அருமையான தராசு, சரியான உயரம், எல்லாவற்றையும் சொன்ன பிறகும் அதைத்தான் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம். "இவ்வளவு நல்லா சொல்லிட்டு ஏன்க்கா?" நேற்று முன்தினம் சரிசெய்து வந்த பெட்டியைக் கவுன்டரில் வைத்ததும் ஒன்பது பேர் ஓடி வந்தார்கள், பில் தாள் கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் பீப் பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு எண் கூட யார் வாயிலிருந்தும் வரவில்லை. அந்தக் கோபத்தோடு சொன்ன பதில்தான் அது. ஆனால் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

பெட்டியை இப்போது அலமாரி உச்சியில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பையன் மாதிரி இன்னொரு பிள்ளை வந்தால் இறக்குவேன். தோழி இரண்டு அட்டைப்பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கவுன்டர் செய்துகொள்கிறேன் என்றாள், அளவு கேட்டாள், நாளை அளந்து அனுப்ப வேண்டும். தராசு தனியாக எங்கேயாவது கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லி வைக்கச் சொன்னேன். ஒன்றே ஒன்று இருப்பதால் அங்கேயும் இப்போது சண்டை வருகிறது.