ஜெம் போர்ட்டல்: எல்-1 வருவதற்கு முன்பே முடிந்துபோகும் கொள்முதல்

மத்திய அரசு அலுவலகத்துக்கு நாற்காலி வேண்டுமென்றால் இன்று முதலில் திறக்க வேண்டியது ஜெம் (GeM) என்னும் அரசு மின்சந்தை போர்ட்டல்தான். பொது நிதி விதிகள் 2017-இன் 149-ஆம் விதி அதைக் கட்டாயமாக்கிவிட்டது. முன்பு ரேட் காண்ட்ராக்ட், அதாவது நிலையான விலை ஒப்பந்தம், போட்டுக் கொடுத்துவந்த மத்திய கொள்முதல் இயக்ககமான டி.ஜி.எஸ்.டி. 2017 அக்டோபரோடு மூடப்பட்டது. 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம் அந்த இடத்தைப் பிடித்தது. வாங்குபவர், விற்பவர் இரு பக்கமும் இருந்து பார்த்தால், பதிவேட்டு ஒழுங்கிலும் பில் நகர்வதிலும் இது பழைய முறையைவிட எவ்வளவோ மேல். விலை ஒப்பீட்டைப் பாதிதான் நம்பலாம். தரத்தை மட்டும் போர்ட்டலின் தலையில் கட்டிவிட முடியாது.

வரம்புகள் எளிமையானவை. 50,000 ரூபாய் வரை நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் 10 லட்சம் வரை, குறைந்தது மூன்று வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பொருள்களை ஒப்பிட்டு, அவற்றில் மலிவானதை, அதாவது எல்-1-ஐ, எடுக்கலாம். அதையும் தாண்டினால் பிட் (ஒப்பந்தப்புள்ளி) அல்லது, போட்டியாளர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் ரிவர்ஸ் ஆக்‌ஷன் கட்டாயம். இதற்கு முன்பு இந்த வரம்புகள் 25,000, 5 லட்சம் என்றிருந்தன. வரம்பைத் தாண்டக்கூடாது என்று 12 லட்சம் ரூபாய் தேவையை இரண்டு ஆர்டராக வெட்டுவதை 157-ஆம் விதி தடுக்கிறது. தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்: ஒரே மாதம், ஒரே பொருள், ஒரே கன்சைனி (சரக்கைப் பெறுபவர்).

உண்மையான முடிவு ஃபில்டரில் நடக்கிறது. 40 நாற்காலிக்கான கேட்டகரியைத் திறந்தால் இடது பக்கம் அளவு, முதுகு உயரம், கைப்பிடி வகை, பேஸ் என்று ஒரு வரிசை. மெஷ் முதுகு, உயரம் மாற்றும் கைப்பிடி, நைலான் பேஸ் என்று ஒவ்வொன்றாக டிக் போடப் போட, பட்டியல் பல பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகச் சுருங்கும். இன்னும் ஒரு டிக் விழுந்தால் மூன்று தயாரிப்பாளர்தான் மிஞ்சுவார்கள். அந்த மூன்றில் மலிவானது எது என்று மென்பொருள் நேர்மையாகச் சொல்லும். மூன்றை யார் மிச்சம் வைத்தது என்று அது கேட்காது. ஆகவே கோப்பில் இருக்க வேண்டியது ஒப்பீட்டுத் தாள் மட்டுமல்ல. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வரி காரணம். விலை நியாயமானதுதான் என்று சான்றளிப்பது வாங்கும் அதிகாரியின் பொறுப்பு என்று அதே 149-ஆம் விதி சொல்கிறது. 'போர்ட்டல் காட்டிய எல்-1' என்பது பதிலாகாது. வெளிச்சந்தையில் இரண்டு விலையாவது பார்த்து அச்செடுத்துக் கோப்பில் வைப்பது நல்லது. எம்.ஆர்.பி.யை ஏற்றிவைத்து, அதிலிருந்து தள்ளுபடி காட்டுவது இங்கே பழகிப்போன வித்தை.

பிட் என்று வந்தால் களம் ஏ.டி.சி.க்கு, அதாவது வாங்குபவர் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகளுக்கு மாறுகிறது. பிட் ஆவணத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். விற்பவர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. குறிப்பிட்ட பிராண்டைக் கேட்பது, குறிப்பிட்ட அரசுத் துறையில்தான் அனுபவம் வேண்டும் என்பது, இந்தியத் தரநிலை இருக்கும்போது வெளிநாட்டுச் சான்றிதழை வற்புறுத்துவது, பிட்டோடு சாம்பிள் கேட்பது, விலக்கு உள்ளவர்களிடமும் இ.எம்.டி. (முன்வைப்புத் தொகை) கேட்பது போன்ற நிபந்தனைகள், விதிவிலக்குகள் தவிர, செல்லாதவை என்று அங்கே எழுதியிருக்கிறது. இப்படி ஒன்று கண்ணில் பட்டால், பிட் வெளியான 4 நாளுக்குள் செல்லர் டாஷ்போர்டில் உள்ள ரெப்ரசென்டேஷன் பகுதியில் ஆட்சேபம் பதியலாம். அதற்குப் பதில் சொல்லாமல் வாங்குபவரால் பிட்டைத் திறக்க முடியாது. இந்தப் போர்ட்டலிலேயே உருப்படியான வசதி இதுதான் என்பேன். டெக்னிக்கல் சுற்றில் தள்ளப்பட்ட பிறகு முறையிடவும் 48 மணி நேரம் உண்டு. ஆனால் பாதி கதை அதற்குள் முடிந்திருக்கும்.

சிறு, குறு நிறுவனங்களுக்கான சலுகையில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனம் 20 லட்சம் சொல்லி எல்-1 ஆகிறது; கோவையில் பட்டறை வைத்திருக்கும் குறு நிறுவனம் 22.8 லட்சம் சொல்கிறது. வித்தியாசம் 14 சதவீதம், 15-க்குள் வருகிறது. எனவே 20 லட்சத்துக்கே தரச் சம்மதித்தால், பிரிக்கக்கூடிய ஆர்டரில் குறைந்தது 25 சதவீதம் அந்த நிறுவனத்துக்கு. 23.1 லட்சம் சொல்லியிருந்தால் ஒன்றும் இல்லை. சிறு, குறு நிறுவனப் பதிவான உத்யம் சான்றிதழ் கையில் இருந்தாலும் வாங்கி விற்கும் டிரேடருக்கு இது கிடையாது. நிராகரிப்புகளில் பல இங்கேதான் நிகழ்கின்றன: சான்றிதழில் ஒரு தொழில், பிட்டில் வேறு பொருள்.

எல்-1 முறையின் பெரிய ஓட்டை பிரிண்டரில் பளிச்சென்று தெரியும். ஒன்று 12,000 ரூபாய். அதன் 4,500 ரூபாய் டோனர் 1,500 பக்கம் வரும். மற்றொன்று 18,000, அதன் 6,000 ரூபாய் டோனர் 6,000 பக்கம். மாதம் 3,000 பக்கம் அடிக்கும் பிரிவில் வருட டோனர் செலவு முதலாவதுக்கு 1,08,000, இரண்டாவதுக்கு 36,000. ஒப்பீட்டில் ஜெயிப்பது முதலாவதுதான், ஏனென்றால் அங்கே டோனர் கணக்கிலேயே இல்லை. கார்ட்ரிட்ஜ் தாங்கும் பக்க அளவையே தேவையாக எழுதுவது ஒரு வழி. இயந்திரத்தோடு மூன்று வருட டோனரையும் சேர்த்து மொத்த மதிப்பில் எல்-1 பார்ப்பது மற்றொரு வழி. தனியார் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் மூன்று கொட்டேஷனையும் மேசையில் போட்டு, மூவரிடமும் பேரம் பேசி, இரண்டாவதை எடுத்துவிடுவார். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அரசில் டெண்டர் திறந்தபின் பேச்சுவார்த்தை என்றால் எல்-1-உடன் மட்டும், அதுவும் விதிவிலக்காக. எனவே பேரத்தில் பெற வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே ஸ்பெசிஃபிகேஷனில் எழுதிவிட வேண்டும்.

சரக்கு வந்து இறங்கிய பிறகுதான் விற்பவரின் பாடு. பெட்டி கைக்கு வந்ததற்கு பி.ஆர்.சி. என்ற தற்காலிக ரசீது; சோதித்து ஏற்றுக்கொண்டதற்கு சி.ஆர்.ஏ.சி. என்ற ஏற்புச் சான்று. சோதனைக்கு 10 நாள். அதற்குள் வாங்குபவர் திறந்து எண்ணி, மாடல் எண்ணை ஒப்பந்தத்தோடு சரிபார்த்துவிட வேண்டும். ஸ்டோரில் பிரிக்காமல் அடுக்கிவைத்தால் நிராகரிக்கும் உரிமை நழுவிவிடும். ஏற்றபின் 10 நாளில் பணம். சப்ளை தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் வெட்டு. இதை விலையிலேயே கணக்கு வைக்காமல் பிட் போடுபவர்கள் கடைசியில் போர்ட்டலைத் திட்டுகிறார்கள். போர்ட்டலின் கட்டணம் அவ்வளவு பாரமில்லை: 2024 ஆகஸ்டில் திருத்தியபடி 10 லட்சம் வரையான ஆர்டருக்கு எதுவுமில்லை, 10 கோடி வரை 0.30 சதவீதம், அதற்கு மேல் மொத்தமாக 3 லட்சம்.

தமிழ்நாடு அரசுத் துறைகளோடு வியாபாரம் செய்பவர்கள் இதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் மாநில அரசின் டெண்டர் தளமும்தான் அடிப்படை.

தேதிக் கணக்கு ஒன்று பாக்கி. பிட் குறைந்தது 10 நாள் திறந்திருக்கும். மதிப்பீட்டுக்கு ஒரு வாரம், முறையீட்டுக்கு 2 நாள், ஆக்‌ஷனும் ஒப்பந்தமும் 2 நாள், டெலிவரி 30, சோதனை 10, பணம் 10. கூட்டினால் 71 நாள். மார்ச் 31-க்குள் நிதி செலவாக வேண்டுமென்றால் ஜனவரி 19-க்குப் பிறகு பிட் போடுவது சூதாட்டம். ஆனாலும் பிப்ரவரிக் கடைசியில்தான் இண்டெண்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, வந்து குவிகிறது. அப்போது டெலிவரியை 7 நாளாகச் சுருக்கி பிட் போடுகிறார்கள். கையில் ஸ்டாக் வைத்திருப்பவர் மட்டும் விலை சொல்வார். அவர் சொல்வதுதான் எல்-1.