முன் சக்கரங்களின் ஆட்டம்: வீட்டில் செய்த பழுதுவேலை, மூன்று ஆண்டுகள் கழித்து

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரின் முன்பக்கத்தை வீட்டிலேயே பிரித்து, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்புறம் வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கை), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனை), ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு) ஆகியவற்றை இரண்டு பக்கமும் மாற்றினேன். அதன் பிறகு 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியும்.

குண்டும் குழியுமான சாலையில் இடதுபக்கம் 'டக் டக்' என்று ஒரு தட்டல் கேட்டதுதான் தொடக்கம். நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. முன் டயரைக் குறுக்குவாட்டில் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தது. சக்கரங்களின் கோணம் தவறியிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டின் மேல் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக் கூடாது. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் பக்கத்துத் தேய்மானம் தெரியும். மேலும் கீழுமாக ஆட்டினால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மின் நுனியிலுள்ள குமிழ் மூட்டு) அல்லது பேரிங்கின் தேய்மானம். ஆனால் எனக்கு உறுதியான விடை கிடைத்தது வண்டி தரையில் நிற்கும்போதுதான். என் மகள் ஸ்டீயரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்க, நான் டை ராட் எண்டின் மேல் விரலை வைத்திருந்தேன். தண்டு நகர்ந்த பிறகே அதன் முனையிலுள்ள குமிழ் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு தாமதம் விரல் நுனிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கழற்றும்போது பலரும் தடுமாறும் இடம் குமிழிலிருந்து நீளும் கூம்பு வடிவத் தண்டு. நட்டைக் கழற்றினாலும் அது துளையில் இறுகிக்கொண்டு வராது. தண்டின் முனையில் அடித்தால் மரை கெட்டுவிடும். பிளவுபட்ட முட்கரண்டி போன்ற கருவியைச் செருகினால் ரப்பர் உறை கிழியும். திருகி இழுக்கும் புல்லர் வாங்கிக்கொண்டேன். அதை நன்றாக இறுக்கிவிட்டு, தண்டு நுழைந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி. படீரென்ற சத்தத்தோடு விடுபட்டது. நட்டை முழுதாக எடுக்காமல் நான்கு மரை விட்டு வைத்திருந்ததால் எதுவும் துள்ளி விழவில்லை.

புதிய டை ராட் எண்டைப் பழையது இருந்த இடத்தில் நிறுத்த, பழையதைக் கழற்றும்போதே சுற்றுகளை எண்ணுவார்கள். நானும் எண்ணினேன், 22 சுற்று. ஆனால் புதியதன் நீளம் சற்று வேறாக இருந்தது. லாக் நட்டிலிருந்து குமிழின் மையம் வரை அளந்து வைத்திருந்ததுதான் கைகொடுத்தது. அப்படியும் ஸ்டீயரிங் கொஞ்சம் சாய்ந்தே நின்றது. பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப்போய் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தல்) செய்த பிறகே நேரானது. இந்தச் செலவை மிச்சப்படுத்த நினைத்தால் புதிய டயர்தான் அதற்கு விலை கொடுக்கும்.

இனி நான் செய்த பெரிய தவறு. முதல் தடவை லோயர் ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிட்டேன். ஆர்மில் போல்ட் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் புஷ், சுழலும் பேரிங் மாதிரி வேலை செய்வதில்லை. அதன் உட்குழலைப் போல்ட் இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெளிவளையம் ஆர்மோடு அசைகிறது. இடையிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு ஈடுகொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டும். 14,000 கிலோமீட்டரில் இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டன. டார்ச் அடித்துப் பார்த்தபோது உட்குழலைச் சுற்றிப் பிறை வடிவில் ஒரே மாதிரி வெடிப்பு. சாமான் மட்டம் என்றுதான் முதலில் கோபப்பட்டேன். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிழிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பட்டறையில் கொடுத்து அதே வகைப் புஷ்களை அழுத்திப் பொருத்திக்கொண்டேன். இம்முறை போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, சக்கரங்களைச் சாய்வுப் பலகைகளின் மேல் ஏற்றி, வண்டியின் முழு எடையும் அவற்றில் இறங்கிய பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். அன்றிலிருந்து 32,000 கிலோமீட்டர். ரப்பரில் ஒரு கீறல் இல்லை.

ஸ்டெபிலைசர் லிங்க்கில் மலிவானதை வாங்கியது தவறாகப் போயிற்று. எட்டாவது மாதமே தட்டல் திரும்பியது. ரப்பர் உறையைப் பிரித்துப் பார்த்தால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புச் சேறு. உறையின் கழுத்து வழியே தண்ணீர் போயிருக்கிறது. அடுத்த ஜோடியை உறை கெட்டியாக இருக்கிறதா என்று கடையிலேயே விரலால் அழுத்திப் பார்த்து வாங்கினேன். இன்றுவரை சத்தமில்லை. டை ராட் எண்டுகள் இரண்டும் முதலில் போட்டவையே. ஆட்டம் துளியும் இல்லை.

காடி வெட்டிய நட்டில் பூட்டும் கம்பி முள் நுழையும் துளை நேராக வராவிட்டால் அடுத்த காடிவரை இறுக்குங்கள், பின்னுக்குத் தளர்த்தாதீர்கள். ஒரு தடவை கழற்றிய நைலான் நட்டை மறுபடி போடாதீர்கள். லோயர் ஆர்மின் மேலேயே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் அமைப்புள்ள வண்டி என்றால் பால் ஜாயிண்டை வீட்டில் தொடவே வேண்டாம். விடுபடும் ஸ்பிரிங் உயிரையே எடுத்துவிடும். என் வண்டியில் ஸ்பிரிங், ஸ்ட்ரட் என்னும் அதிர்வுதாங்கித் தூணோடேயே அடங்கியிருந்ததால்தான் நான் துணிந்தேன்.

இப்போது காலையில் வண்டியை எடுக்கும்போது முதல் திருப்பத்தில் வலப்பக்க ஸ்ட்ரட் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்கும் பகுதி) மெல்ல முனகுகிறது. அதை மாற்ற ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலையைப் பட்டறையில்தான் கொடுக்கப் போகிறேன்.