சதவீதக் கணக்கு: 100 என வைப்பதா, x என வைப்பதா, விடையிலிருந்து வருவதா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு 3 மணி நேரம். அதில் திறனறிவு 25 கேள்விகள். வங்கி அதிகாரி பணிக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலையில் கணிதத்துக்கு மட்டும் 35 கேள்விகள், 20 நிமிடம். கேள்விக்கு 35 நொடிகூடத் தேறாது. அதனால் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஷார்ட்கட்டைத் தேடுகிறார்கள், குரூப் 4-க்குப் படிப்பவர்கள் எதற்கெடுத்தாலும் x போடுகிறார்கள். எந்த வழி என்பதைத் தேர்வின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. கேள்வியில் ரூபாயோ, மதிப்பெண்ணோ, வாக்கோ எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

கடைசியில் மட்டும் ஓர் எண் வந்தால் 100 என வைப்பதுதான் வேகம். இந்தத் தேர்தல் கணக்கைப் பாருங்கள்: 80% பேர் வாக்களித்தார்கள், பதிவானதில் 10% செல்லாதவை, இருவர் போட்டியில் வென்றவர் செல்லுபடியானவற்றில் 55% பெற்று 1,440 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மொத்த வாக்காளர்கள் 100 என்றால் பதிவானது 80, செல்லுபடியானது 72. வித்தியாசம் 55-க்கும் 45-க்கும் இடையிலான 10%, அதாவது 7.2. இந்த 7.2 தான் 1,440 என்பதால் 100 என்பது 20,000. இதையே x வைத்துப் போட்டாலும் 0.072x = 1,440 என்றுதான் வரும்; தசமப் பெருக்கலில் புள்ளி இடம் மாற வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். தவறு நடப்பது வேறு இடத்தில்: 20-ஐயும் 10-ஐயும் கூட்டி 30 கழித்து 70 என எடுப்பார்கள். அந்த 10% மொத்தத்தில் அல்ல, பதிவான 80-இல். 70 எடுத்தால் வாக்காளர் எண்ணிக்கை 20,571.4 என்று பின்னத்தில் வந்து நிற்கும். ஆள் கணக்கில் பின்னம் வந்தால் அடிப்படை பிசகியிருக்கிறது என்று அர்த்தம்.

நடுவில் ரூபாய் புகுந்தால் 100 என வைக்கும் முறை செல்லாது. சம்பளத்தில் 30% வாடகை, மீதியில் 25% உணவு, பிறகு பள்ளிக்கட்டணம் 2,000 ரூபாய், அதன் பின் மீதியில் 20% சேமிப்பு. கடைசியில் கையில் 11,000 ரூபாய் என்றால் சம்பளம் எவ்வளவு? 100 வைத்தால் 70, 52.5 வரை போகலாம். அங்கிருந்து 2,000-ஐக் கழிக்க முடியாது. ஒன்று பங்கு, இன்னொன்று பணம். இங்கே பின்னிருந்து வருவதுதான் சுலபம்: 11,000 ÷ 0.8 = 13,750; 2,000 கூட்டினால் 15,750; ÷ 0.75 = 21,000; ÷ 0.7 = 30,000. x தேவையே இல்லை. கவனிக்க வேண்டியது முதல் படி. 20% கழிந்ததால் 11,000-த்தோடு 20% கூட்டி 13,200 என்று எழுதுபவர்கள் ஏராளம். 20% குறைந்ததை மீட்க 25% கூட்ட வேண்டும்.

இப்போது அதே கணக்கில் கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள்: கையில் மிஞ்சியது சம்பளத்தில் 40%. பின்னிருந்து தொடங்க எண்ணே இல்லை. தெரியாதது இரண்டு இடத்தில் வந்துவிட்டதால் x இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது: 0.8(0.525x − 2,000) = 0.4x, விரித்தால் 0.42x − 1,600 = 0.4x, ஆகவே 0.02x = 1,600, x = 80,000. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 0.8-ஆல் 2,000-ஐப் பெருக்க மறந்தால் 1,00,000 வரும். அந்த எண் ஆப்ஷனில் இருந்தால் யோசிக்காமல் வட்டமிடத் தோன்றும்.

ஆப்ஷனைப் போட்டுப் பார்ப்பதும் இந்தக் கணக்குக்குப் பொருந்தும். 60,000 எடுத்தால் 42,000, 31,500, 29,500, கடைசியில் 23,600. 40% என்பது 24,000, 400 குறைகிறது. சம்பளம் கூடக் கூட அந்த 2,000-இன் பாரம் குறையும், எனவே விடை 60,000-க்கு மேல். ஆனால் வங்கித் தேர்வுகளில் 'இவற்றுள் எதுவுமில்லை' என்ற ஆப்ஷன் வந்தால் இந்த வழியில் நான்கையும் சோதித்து நேரம் போய்விடும். டிஎன்பிஎஸ்சியின் ஐந்தாவது ஆப்ஷன் 'விடை தெரியவில்லை' என்பது மட்டுமே, எனவே அங்கே இதற்கு இடம் உண்டு.

மதிப்பெண் கணக்குக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 30% எடுத்தவர் 15 மதிப்பெண்ணில் தோற்றார். 40% எடுத்தவர் தேர்ச்சி மதிப்பெண்ணைவிட 35 கூடுதலாக எடுத்தார். ஒருவர் கோட்டுக்குக் கீழே, மற்றவர் மேலே; ஆகவே 10% = 15 + 35 = 50, மொத்தம் 500, தேர்ச்சி 165. 35-இலிருந்து 15-ஐக் கழித்து மொத்தம் 200 என்றால் தேர்ச்சி மதிப்பெண் ஒருவருக்கு 75, இன்னொருவருக்கு 45 ஆகிவிடும். இருவரும் கோட்டுக்குக் கீழே, அல்லது இருவரும் மேலே என்று கேள்வி சொன்னால் மட்டுமே கழித்தல்.