மேல்கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் கருவி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சித்தி உடனே 108-ஐ அழைத்தார், வண்டியும் விரைவாகவே வந்தது. ஆனால் பக்கவாதம் தூக்கத்திலேயே வந்திருந்ததால் அது எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அவருக்குப் போட முடியாமல் போயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் பார்த்தபோதே அவருக்கு இரத்த அழுத்தம் 170-க்கு மேல் இருந்தது. இரண்டு மாதம் மாத்திரை போட்டார். வலியும் இல்லை, தலைசுற்றலும் இல்லை என்பதால் நிறுத்திவிட்டார். அதன்பிறகு வீட்டில் ஒருவரும், நான் உட்பட, அதைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் பிரஷர் உண்டு. அவர் விஷயத்திலாவது கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்றுதான் கார்த்திகையில் திருப்பாதிரிப்புலியூர் மருந்துக்கடை ஒன்றில் 2,200 ரூபாய் கொடுத்து இந்தக் கருவியை வாங்கினேன். கீழே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த விலையில் கிடைக்கும் பல கருவிகளுக்கும் பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் அது காட்டும் எண்ணை நம்பலாமா என்பதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் காதில் குழாய் வைத்துக் கேட்கும் முறை, 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் கண்டுசொன்னது. இந்தக் கருவி எதையும் கேட்பதில்லை, கைப்பட்டையில் இருக்கும் காற்றில் நாடி ஏற்படுத்தும் அதிர்வை உணர்ந்து கணக்குப் போட்டு எண்ணைத் தருகிறது. அந்தக் கணக்கு சரியா என்பதைச் சோதிக்கச் சர்வதேச விதி ஒன்று இருக்கிறது: குறைந்தது 85 பேரிடம் அளந்து, பயிற்சி பெற்றவர்கள் காதால் கேட்டு எடுத்த அளவோடு ஒப்பிடும்போது சராசரி வேறுபாடு 5 புள்ளிக்குள் (ஒரு புள்ளி என்பது ஒரு பாதரச மில்லிமீட்டர்) இருக்க வேண்டும். என் கருவியின் அட்டைப்பெட்டியில் ‘மருத்துவ ரீதியாகச் சோதிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது, எந்த விதிப்படி என்பது இல்லை. ஆகவே அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே கருவியை எடுத்துச் சென்றேன். அவர் பொறுமையாக மூன்று முறை மாற்றி மாற்றி அளந்து பார்த்தார். அவர் எடுத்த அளவுக்கும் கருவி காட்டியதற்கும் நான்கு முதல் ஆறு புள்ளி வேறுபாடு வந்தது, ஒவ்வொரு முறையும் கருவிதான் கூடுதலாகக் காட்டியது. அப்போதுதான் அவர் கருவியை விட்டுவிட்டுப் பட்டையைப் பார்த்தார்.

இதை வாங்க நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது பட்டையின் அளவைத்தான். பெட்டியோடு வருவது 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கானது. அம்மாவின் மேல்கை 35. கடையில் யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது, இரண்டு எண்களில் முதலாவதான மேல் அளவு சராசரியாக 4.8 புள்ளி கூடுதலாகவும், மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு 19.5 புள்ளி கூடுதலாகவும் காட்டியிருக்கிறது. மெலிந்த கைக்கு இது நேர்மாறாக நடக்கும், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். வற்றிய கையுடைய நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இந்தத் தவறுதான் கூடுதல் ஆபத்து. இத்தனை சிறிய எண்ணுக்கா கவலை என்று நானும் நினைத்தேன். பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002-இல் வெளியான ஆய்வின்படி, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மேல் அளவில் ஒவ்வொரு 20 புள்ளி ஏற்றத்துக்கும் பக்கவாதத்தால் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. பட்டை மாறினால் ஒருவரை ஒரு படி மேலேயோ கீழேயோ வைத்துவிட முடியும். கடலூரில் நான் விசாரித்த கடைகளில் பெரிய பட்டை கிடைக்கவில்லை. புதுச்சேரிக்குப் போய் 750 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அம்மாவுக்கு 152 என்று காட்டிக்கொண்டிருந்த கருவி அன்றிலிருந்து 146, 147 என்று காட்டியது.

அளக்கும் முறையும் எண்ணை மாற்றுகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க, அதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பி குடிக்காமல், சிறுநீர் கழித்துவிட்டு, வாய் பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அம்மா பட்டை கட்டிய கையோடு வாசலில் நிற்கும் கீரைக்காரரிடம் விலை பேசிய நாட்களில் எண் பத்துக்கு மேல் ஏறியிருந்ததை என் குறிப்பேட்டில் பார்க்கிறேன்.

இந்தக் கருவியை நான் மதிப்பதற்கான காரணத்தை விளக்க, கொஞ்சம் கடலூரை விட்டு வெளியே போக வேண்டும். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் மருத்துவர் சலீம் யூசுப்பின் தலைமையில், பணக்கார நாடுகளிலும் ஏழை நாடுகளிலும் ஒரே முறையில் ஆண்டுக்கணக்காக மக்களைப் பின்தொடரும் ஆய்வு ஒன்று நடக்கிறது. அதில் இந்தியா ஏழை நாடுகளின் வரிசையில் இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் இவற்றுக்கான ஆபத்துக் காரணிகள் பணக்கார நாடுகளில்தான் மிகுதி, ஆனால் அந்நோய்களும் மரணங்களும் ஏழை நாடுகளில்தான் மிகுதி என்று 2014-இல் அந்த ஆய்வு சொன்னது. அங்கே மருந்து தொடர்கிறது, கண்காணிப்பு தொடர்கிறது. இங்கே இடையில் அறுந்துபோகிறது. அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை. உயர் இரத்த அழுத்தம் இருந்த 57,840 பேரில் அது தமக்கு இருப்பதை அறிந்திருந்தவர்கள் 46.5 சதவீதம் மட்டுமே. அறிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் மருந்து எடுத்தார்கள். ஆனால் மருந்து எடுத்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதல் வாசலிலேயே, அதாவது தெரியாமலேயே நின்றுவிடுகிறார்கள். மீதிப் பேரில் பலர், அறிந்தும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல், சித்தப்பாவைப் போலக் கடைசி வாசலில் தவறுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய கணக்கில், வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகும், பக்கவாத மரண விகிதம் ஏழை நாடுகளில் பணக்கார நாடுகளைப் போல 3.6 மடங்கு இருந்தது. 32 நாடுகளில் நடந்து 2016-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, பக்கவாதங்களில் ஏறக்குறைய பாதியை உயர் இரத்த அழுத்தத்தோடு மட்டுமே தொடர்புபடுத்தியது. கனடாவும் தென்கொரியாவும் ஐஸ்லாந்தும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் முன்னணியில் இருப்பது அவர்களுடைய இரத்தம் வேறு என்பதால் அல்ல. அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை இங்கேயும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, குறைவது அதைத் தொடர்வதுதான்.

இந்த இரண்டு வாசல்களிலும் இக்கருவி உண்மையிலேயே உதவுகிறது என்பது என் அனுபவம். வலி இல்லாத நோய்க்கு மாத்திரை போடச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். எண்ணைக் காட்டினால் கேட்கிறார். துறைமுகத்திலிருந்து வந்த கருவாட்டைத் தொடர்ந்து நான்கு நாள் குழம்பு வைத்த வாரத்தில் எண் ஏறியதை அவரே கவனித்து, ஊறுகாய் ஜாடியை மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்கு இது பெரிய குறை, ஏனென்றால் இதைக் கையாளப்போகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வண்ணப்பட்டி 140-க்குக் கீழே எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டுகிறது. வீட்டில் அளக்கும்போது பொதுவாகக் கொள்ளும் வரம்பு 135/85, ஆகவே வண்ணத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். நினைவகம் ஒருவருக்கு மட்டுமே உரியது. இரண்டு பேர் அளந்தால் கலந்துவிடும். மின்னிணைப்புக் கம்பியைத் தனியாக வாங்க வேண்டும்.

எங்கள் தெருவில் மீன் கொண்டுவரும் அக்கா ஒரு நாள் விளையாட்டாகக் கையை நீட்டினார். 176/102. பட்டையைச் சரிபார்த்து, உட்காரவைத்து, மூன்று நாள் அளந்தும் குறையவில்லை. ஐம்பது வயதில் அதுதான் அவர் முதல் முறையாக அளந்துகொண்டது. நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கு நானே அழைத்துப் போனேன். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை அவர் வீட்டுக்கே வருகிறது, போன வாரம் 138/86. அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் மாலையில் வருகிறார்கள். இத்தனை பேர் கட்டிக் கழற்றியதில் பட்டையின் ஒட்டும் பகுதி தளரத் தொடங்கியிருக்கிறது. ஓராண்டு உத்தரவாதம் கருவிக்கு மட்டும்தான், பட்டைக்குக் கிடையாது என்று கடைக்காரர் இப்போது சொல்கிறார். வாங்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.