ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: சிங்கப்பூரா, ஜெர்மனியா, ஜப்பானா?

பொறியியல் மூன்றாம் ஆண்டில் எக்ஸ்சேஞ்ச் (மாணவர் பரிமாற்றம்) வாய்ப்பு வந்தால், கல்லூரியின் ஒப்பந்தப் பட்டியலில் பல பேருக்கும் இந்த மூன்று நாடுகள் கண்ணில் படும். முழுப் பட்டத்துக்குப் போவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம்: கல்விக் கட்டணத்தை நம் கல்லூரிக்கே கட்டுகிறோம், போகிற இடத்தில் கட்ட வேண்டியதில்லை. ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் மலிவு என்ற கேள்விக்கு இங்கே வேலை இல்லை. விமான டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, இவைதான் கையிலிருந்து போகும்.

எல்லோரும் முதலில் தரவரிசையைத் தேடுகிறார்கள். ஒரே ஒரு செமஸ்டர் போய் வருகிறவர் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது அந்த ஊரில் வகுப்பு எப்போது தொடங்கி, தேர்வு எப்போது முடிகிறது என்பதைத்தான். எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு விஷயமே பாதிப் பேருக்கு முடிவைச் சொல்லிவிடும்.

முதலில் தேதி

நம் கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடியும். இரட்டைப்படை ஜனவரியிலிருந்து மே வரை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் (என்.யு.எஸ்.) நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் (என்.டி.யு.) கிட்டத்தட்ட இதே கணக்கு: ஆகஸ்டிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஒன்று, ஜனவரியிலிருந்து மே தொடக்கம் வரை மற்றொன்று. ஆறாவது செமஸ்டரை அங்கே படித்துவிட்டு மே மாதமே திரும்பி, கோடை இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்துவிடலாம். எதுவும் தவறிப்போகாது.

ஜெர்மனியில் அப்படி இல்லை. குளிர்காலப் பருவம் ஏட்டின்படி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும், தேர்வுகள் அதற்குப் பிறகு. நம் கணக்கில் இது இரண்டு செமஸ்டர்களின் நடுவில் விழுகிறது. ஐந்தாவது செமஸ்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், ஆறாவது பாதி முடிந்தபின் வந்து நிற்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதன் தேர்வுகள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் வரும். மூன்றாம் ஆண்டுக் கோடை என்பது இன்டர்ன்ஷிப் செய்து, அங்கேயே வேலைக்கான முன்கூட்டிய அழைப்பை வாங்குகிற காலம். அது போய்விடும். திரும்பி வரும்போது ஏழாவது செமஸ்டர் தொடங்கியிருக்கும். ஐ.ஐ.டி.களில் டிசம்பர் முதல் தேதியிலேயே பிளேஸ்மெண்ட் ஆரம்பித்துவிடுகிறது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியிலும் விதிவிலக்கு உண்டு. மன்ஹைம் பல்கலைக்கழகம் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரையும் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரையுமாகத் தன் ஆண்டைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் அதன் பெயர் வணிகவியலிலும் பொருளாதாரத்திலும்தான். மெக்கானிக்கல் மாணவர் அங்கே போய்ப் பயனில்லை.

வகுப்பறை

தேதியில் தோற்கிற ஜெர்மனி, படிப்பு விஷயத்தில் வேறு மாதிரி நிற்கிறது. பெரும்பாலான பாடங்களுக்குப் பருவ முடிவில் ஒரே ஒரு தேர்வு. குவிஸ், இன்டர்னல், வருகைப்பதிவு என்று வாராவாரம் துரத்துகிற ஆள் இல்லை. நம் ஊர் முறையில் பழகியவர் முதல் மூன்று மாதம் ராஜாவாக இருப்பார், நான்காவது மாதம் தலையில் கைவைப்பார். மதிப்பெண் வேறு தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 என்றால் தேர்ச்சி, 5.0 என்றால் அரியர். இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். ஆங்கிலத்தில் கிடைப்பவை முக்கால்வாசி முதுநிலைப் பாடங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் அதில் போய் உட்கார்ந்தால் திணறத்தான் செய்வார், ஆனால் கற்றுக்கொள்வது அதிகம்.

சிங்கப்பூரில் எல்லாம் ஆங்கிலம். அரையாண்டு முழுக்க அசைன்மெண்ட், குழு ப்ராஜெக்ட், பிரசன்டேஷன். மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டே மதிப்பெண் போடுவதால் போட்டி கடுமை. உள்ளூர்ப் பிள்ளைகள் அதற்குப் பழகியவர்கள். நம் கல்லூரி, அங்கே வாங்கிய கிரேடைச் சராசரியில் சேர்க்காமல் வெறும் தேர்ச்சியாக எடுத்துக்கொள்கிறதா என்று புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். தேர்ச்சி மட்டும் போதும் என்றால் நிம்மதி. கிரேடும் வந்து சேரும் என்றால், சராசரி ஒன்பதுக்கு மேல் வைத்திருப்பவர்கள் இரண்டு முறை யோசிக்கலாம்.

கிரெடிட் மாற்றம் எல்லா நாட்டுக்கும் பொதுவான தலைவலி. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பியக் கிரெடிட் முறை) புள்ளிகள், ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. என்.யு.எஸ்.ஸில் ஒரு பாடத்துக்கு வழக்கமாக 4 யூனிட். இரண்டையும் நம் கிரெடிட்டாக மாற்றித் தருவது துறைத்தலைவரின் கையெழுத்துதான். அங்கே போனபின் பாடம் மாறும், ஒன்று இடமில்லை என்பார்கள், இன்னொன்று இன்னொன்றோடு நேரம் மோதும். அதனால் ஐந்து பாடம் தேவையென்றால் எட்டுக்கு ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது.

பணமும் வீடும்

ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கு (பணத்தை முன்பே போட்டுவைத்து, மாதம் இவ்வளவு என்று மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்டுவது வழக்கமான வழி. 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 6,000 யூரோ. இது செலவல்ல, நம் பணமே மாதாமாதம் திரும்பி வரும். ஆனாலும் அவ்வளவு தொகையை மொத்தமாகப் புரட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. மியூனிக்கில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகன், ட்ரெஸ்டன் போன்ற ஊர்களில் வாடகை குறைவு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்த சில நாளில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும், வீட்டில் டி.வி. இல்லாவிட்டாலும்! ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள்.

சிங்கப்பூரில் இத்தனை காகித வேலை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வளாக விடுதி கிடைத்தால் கவலை விட்டது. கிடைக்கவில்லை என்றால், அரசு அடுக்குமாடி வீட்டில் அறை எடுக்கக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும், தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். நான்கரை மாதம் தங்குகிறவருக்கு முதல் வழி அடைபட்டுவிடும், இரண்டாவது வழியில் வாடகை எகிறும். எக்ஸ்சேஞ்ச் மாணவர் பகுதிநேர வேலை செய்யவும் அனுமதி இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. ஹாக்கர் சென்டரில் (சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்த இடம்) ஐந்தாறு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, வயிறு நிறையும், சிராங்கூன் சாலைக்குப் போனால் இட்லியும் உண்டு. ஜனவரியில் போகிறவர்களுக்குப் பொங்கல் அலங்காரமும், அநேகமாகத் தைப்பூச ஊர்வலமும் கிடைக்கும். வெளிநாட்டுக்குப் போய்த் தமிழ் பேசிக்கொண்டு திரும்பினாயா என்று வீட்டில் கேலி செய்வார்கள், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஊர் சுற்றுவதில் ஜெர்மனிதான் முந்துகிறது. அந்த விசாவோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா வைத்துள்ள ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம். இரவு பஸ்ஸில் ஏறினால் காலையில் வேறு நாடு. சிங்கப்பூரிலிருந்து மலேசியா பக்கம்தான், 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள்வரை அங்கே போய் வரலாம். ஆனால் அதைத் தாண்டினால் விமானம்தான்.

ஜப்பான்

ஜப்பானின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே ஜெர்மனியின் அதே தேதிச் சிக்கல் இங்கும் உண்டு. ஜப்பானைத் தேர்ந்தெடுக்க ஒரு வலுவான காரணம் ஜாசோ (ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு) உதவித்தொகை: மாதம் 80,000 யென். போகிற பல்கலைக்கழகம் பரிந்துரைத்தால்தான் கிடைக்கும். கிடைத்தால் டோக்கியோவுக்கு வெளியே உள்ள ஊர்களில் சிக்கனமாக இருக்கிறவர் வீட்டிலிருந்து அதிகம் கேட்காமல் ஓட்டிவிடலாம். அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம்வரை வேலையும் செய்யலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும். மொழியில் ஆர்வம் இல்லாதவர் இங்கே போவதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, யாருக்கு எது?

பி.டெக். மூன்றாம் ஆண்டு, வேலைதான் குறி என்றால் சிங்கப்பூர், ஜனவரி செமஸ்டர். முதுநிலை அல்லது ஐந்தாண்டு இரட்டைப் பட்டப் படிப்பில் கடைசி ஆண்டு ஆய்வறிக்கை எழுதுகிறவர் என்றால் ஜெர்மனி. ஆய்வறிக்கைக்கு வகுப்புத் தேதி ஒரு பொருட்டே இல்லை, அங்குள்ள ஆய்வகங்களும் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை செய்கிற ஆளைத்தான் விரும்பும். சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. அங்கே படிப்பவர்களுக்கு இந்தக் கதவு ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது.

பி.டெக். படித்துக்கொண்டே ஜெர்மனியையும் பார்க்க வேண்டும் என்றால் செமஸ்டரை விட்டுவிட்டு, இந்திய மாணவர்களுக்காக டாட் (ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) அமைப்பு நடத்தும் வைஸ் கோடை ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். மே முதல் ஜூலை வரை, உதவித்தொகையோடு, கிரெடிட் மாற்றும் தொல்லை இல்லாமல். அதற்கு ஒரு பேராசிரியரிடம் முன்பே அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால், இரண்டாம் ஆண்டு முடிகிற கோடையிலேயே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குங்கள். பத்தில் ஒன்பது பேர் பதில் போட மாட்டார்கள், அது வழக்கம்தான்.