காயில் மின்தடை: அளந்து பார்த்தே பயன்படுத்திய அனுபவம்

வேப் கருவியில் (மின் சிகரெட்டில்) திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளான காயிலைப் புதிதாகப் பொருத்துவதற்கு முன் அதன் மின்தடையை அளந்து பார்ப்பது சில ஆண்டுகளாகவே என் வழக்கம். சாதாரண மல்டிமீட்டர், காயிலைத் திருகி வைத்து அளக்கும் சிறிய ஓம் மீட்டர், நான்கு கம்பி முறையில் இயங்கும் மில்லிஓம் மீட்டர் என மூன்றையும் நெடுநாள் கையாண்டிருக்கிறேன். எண் தடுமாறும்போது பெரும்பாலும் குற்றம் காயிலில் இருப்பதில்லை, இணைப்பில்தான் இருக்கிறது. இதுதான் நான் கண்டது.

மல்டிமீட்டர் இந்த வேலைக்குச் சரிப்படாது. அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.1 முதல் 0.3 ஓம் வரை காட்டும். அளக்க வேண்டிய காயிலோ 0.4 ஓம். மீட்டரின் கம்பித் தடையைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், முனையை அழுத்தும் விசை சற்று மாறினால் எண்ணும் மாறிவிடும். நான்கு கம்பி மீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கம்பிகள் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. மற்ற இரண்டும் காயிலின் கால்களிலேயே (சுருளிலிருந்து நீளும் இரு கம்பி முனைகளிலேயே) மின்னழுத்தத்தை அளக்கின்றன. அளக்கும் கம்பிகளில் மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாததால் அவற்றின் தடை கணக்கில் சேர்வதில்லை.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். காயில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், சுமார் 35 வாட். அதுவே 0.4 ஓம் என்றால் 10.5 ஆம்பியர், 44 வாட். 0.1 ஓம் வித்தியாசத்துக்கு இவ்வளவு சூடு! காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சு வறண்டு கருகினால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் உருவாகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆயத்தக் காயில்களைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. 0.4 என்று அச்சிட்ட ஒரே பெட்டிக்குள் 0.38 முதல் 0.43 வரை பார்த்திருக்கிறேன், அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. கையால் சுற்றுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கம்பியின் விட்டம் 5 சதவீதம் குறைந்தால் தடை சுமார் 10 சதவீதம் கூடும். 26 கேஜ் தடிமனுள்ள காந்தல் (Kanthal என்ற இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை) கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 11 ஓம். அதாவது காயிலின் கால் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் 0.01 ஓம் கூடும். இரட்டைக் காயிலில் ஒன்றின் கால் நீண்டுவிட்டால் மற்றது முந்திக்கொண்டு சிவக்கும்.

இணைப்பின் கதையே வேறு. ஒரு டாங்க் (திரவமும் காயிலும் இருக்கும் பகுதி) தன் போக்கில் 0.41, 0.46, மறுபடி 0.43 என்று காட்டிக்கொண்டிருந்தது. காயிலைக் கழற்றி நேரடியாக மில்லிஓம் மீட்டரில் வைத்தால் அசையாமல் ஒரே எண். டாங்கைக் கருவியோடு திருகி இணைக்கும் 510 இணைப்பின் நடு முள்ளைப் பார்த்தேன்: திரவம் கசிந்து காய்ந்து, பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் முள்ளையும் மரையையும் துடைத்து, நன்றாக உலரவிட்டு மீண்டும் திருகியதும் 0.41 என்று நிலைத்துவிட்டது.

வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் கருவியை இயக்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த முறை, சூடேறும்போது கம்பியின் தடை கூடுவதை வைத்தே வெப்பநிலையைக் கணிக்கிறது. 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில் டிகிரிக்குச் சுமார் 0.09 சதவீதம்தான் தடை கூடுகிறது. 0.4 ஓம் காயிலின் தடையைக் கருவியில் பதிந்த பிறகு இணைப்பில் 0.02 ஓம் கூடினால் போதும். காயில் 50 டிகிரிக்கும் மேல் அதிகம் சூடேறிவிட்டதாகக் கருவி எடுத்துக்கொண்டு வாட்டைக் குறைத்துவிடும். காயில் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே தடையைப் பதிய வேண்டும் என்பதும் இதனால்தான்.

காந்தலில் சூட்டினால் தடை அவ்வளவாக மாறாது. வெப்பக் கட்டுப்பாட்டுக்கு அது உதவாது. ஆனால் இணைப்பைச் சோதிக்க அதைவிட நல்ல கம்பி இல்லை. காந்தல் காயில் போட்ட டாங்க்கில் எண் தாவினால், நேராக முள்ளையும் கால்களை இறுக்கும் திருகுகளையும் பார்க்கிறேன்.

திருகி வைக்கும் ஓம் மீட்டரில் ஒரு குறை உண்டு. இறுக்கி இறுக்கி அதன் நடு முள் உள்ளே அமுங்கிவிடுகிறது. பிறகு தொடர்பு விட்டு விட்டு வருகிறது. அன்றாடச் சோதனைக்கு அது போதும். ஆனால் பாதுகாப்புச் சுற்று இல்லாத மெக்கானிக்கல் கருவியில் போடும் காயிலை மட்டும் நான்கு கம்பி மீட்டரில் அளக்காமல் பொருத்துவதில்லை. வரும் ஆம்பியர் பேட்டரியின் தொடர் மின்னோட்ட வரம்பை நெருங்கினால் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றுகிறேன்.