பவுடர் கோட் வீலுக்கு பாலிஷ்: நாலு வருஷமும் ஒரு வெள்ளிக் கோடும்

போன வாரம் நண்பன் ஒருத்தன் என் காரைச் சுற்றி வந்து, குனிந்து வீலைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "டேய், பவுடர் கோட் போட்டு நாலு வருஷம் ஆச்சுங்கற. இன்னும் முகம் பார்க்கலாம் போலிருக்கு. என்னடா போடற?" அவன் நின்றது இடது முன் வீல் பக்கம். கையைப் பிடித்து வலது பக்கம் கூட்டிப் போய், முன் வீலின் ஒரு ஸ்போக்கைக் காட்டினேன். "இதையும் பார்த்துட்டுக் கேளு."

அங்கே வாயால் பதில் சொன்னது போதவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாலு அலாய் வீல், ஒவ்வொன்றிலும் ஐந்து ஸ்போக். பளபள கறுப்பு, பாலியெஸ்டர் பவுடர் (தூளாகத் தூவி, சூட்டில் உருக்கிப் படிய வைக்கும் நிறப்பூச்சு), ஒரே கோட், மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு கிடையாது. கோட்டிங்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஜல்லி தெறித்திருக்கிறது, நடைபாதை ஓரத்தில் ஒரு தடவை உரசியிருக்கிறது, மழைச் சேற்றோடு ஒரு வாரம் கழுவாமல் நின்றிருக்கிறது. பெயின்டாக இருந்தால் இதற்குள் பொரிந்து கொட்டியிருக்கும். இதில் அந்த உரசின இடம் தவிர எங்கும் உரியவில்லை. கோட்டிங் போட்டுக் கொடுத்தவர் அன்றைக்கே சொன்னார்: "சோப்புத் தண்ணி போதும் சார், வேற ஒண்ணும் பண்ணாதீங்க." அந்த மனுஷன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் பார்த்தேன். ஸ்போக் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கீறல்கள். நானே ஸ்பாஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் போட்டவை. பவுடர் கோட் கெட்டி என்பார்கள், கெட்டிதான். அடி தாங்கும், சட்டென்று உடையாது. கீறல் விழாது என்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். கறுப்பு வேறு. வேறு நிறமாக இருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது.

சரி, கார் பாடிக்குப் போடும் பாலிஷ்தானே என்று இறங்கினேன். ட்ரில்லில் கூம்பு வடிவ ஸ்பாஞ்ச் பேட் மாட்டி, காம்பவுண்ட் (தேய்த்துக் கீறல் எடுக்கும் பசை) தடவி ஓட்டினேன். இரண்டு நிமிடத்தில் பேட் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அப்படியே ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டேன். மொத்த கோட்டிங்கும் கையோடு வந்துவிட்டது என்றே நினைத்தேன். விஷயம் அதுவல்ல. கார் பாடியில் நாம் தேய்ப்பது நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியரை, அதனால் பேட்டில் நிறம் ஒட்டாது. ஒரே கோட் பவுடரில் நிறமும் மேல்தோலும் ஒன்றுதான். எவ்வளவு லேசாகத் தேய்த்தாலும் பேட்டில் நிறம் வரும். நல்லபடியாகப் போட்ட கோட்டிங் சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாலிஷ் எடுப்பது அதில் ஓரிரு மைக்ரான். பேட் கறுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. பவுடரை ஓவனில் 180, 200 டிகிரியில் சுட்டு எடுத்த பிறகு அது மறுபடி உருகாது. ஆனால் ட்ரில் ஒரே இடத்தில் சுற்றினால் மேல்பரப்பு கொஞ்சம் இளகுகிறது. இளகின இடத்தில் பாலிஷ் வெட்டாமல் இழுபடுகிறது, கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி மங்கலாகிவிடுகிறது. நான் என்ன செய்தேன்? மங்கல் போகவில்லையே என்று இன்னும் அழுத்தினேன். இன்னும் மங்கியது.

அதன் பிறகு ஒரு பாட்டில் வாங்கினேன். எல்லா வகை வர்ணம் பூசிய பரப்புக்கும் ஏற்றது, ஒரே பூச்சில் கீறல் மறையும் என்று எழுதியிருந்தது. மறைந்தது, அதில் பொய்யில்லை. அன்று ராத்திரி டார்ச் அடித்து அடித்து ரசித்தேன். இரண்டு தடவை கழுவினதும் அதே கீறல்கள், அதே இடத்தில், அதே எண்ணிக்கையில். அந்தப் பாட்டிலில் இருந்தது எண்ணெயும் நிரப்பியும்தான். கீறலை எடுக்கவில்லை, குழியை மூடி வைத்திருந்தது. தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்போக் முடிந்ததும் துடைத்துப் பார்க்காமல் அடுத்ததற்குப் போவதில்லை. (தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பாலியெஸ்டர் பவுடர் அதில் மெத்தென்று ஆகி, துணியோடு வரும்.)

கடைசியில் கைகொடுத்தது மிகச் சாதாரணமான வழி. ஓடி வந்த வீலைத் தொடாமல் முழுக்க ஆற விட வேண்டும். முதலில் இரும்புத்தூள் எடுக்கும் திரவத்தை அடிக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கும் பேடும் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள் கோட்டிங்கில் குத்திக்கொண்டு நிற்கும்; அதை எடுக்காமல் பாலிஷ் போட்டால் அந்தத் துகளையே வைத்துத் தேய்க்கிறோம் என்று அர்த்தம். திரவம் பட்டதும் ஊதா நிறத்தில் வழியும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அலசிவிட வேண்டியதுதான். பிறகு சின்ன பேட், மிக மென்மையான பாலிஷ், குறைந்த வேகம். ஒரு இடத்தில் நாலைந்து தடவைக்கு மேல் ஓட்டாமல், பேட்டை அடிக்கடி துடைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு வீலுக்கு ஒரு சாயங்காலம் முழுசாகப் போய்விடும். முதுகும் போய்விடும். ஆனால் கீறல் நிஜமாகவே போகிறது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கீறல் போனதும் கண்ணுக்கு வேறொன்று தட்டுப்பட்டது. பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமாக இருந்தது. பவுடர் உருகிப் பரவும் விதமே அப்படி. எந்தக் கோட்டிங்கிலும் கொஞ்சமாவது இருக்கும். பாலிஷ் அந்த மேடுகளைப் பளபளப்பாக்குமே தவிரச் சமமாக்காது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வலது முன் வீலில் ஒரு ஸ்போக்கை மட்டும் எடுத்து 1500, 2000, 3000 நம்பர் என்று வரவர நைசான உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுப் போட்டேன். மேலே பாலிஷ். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஸ்போக்கில் என் பல் தெரிந்தது.

ஓரத்தைத் தேய்த்தபோது பேட் விளிம்பில் தட்டியது. துணியால் துடைத்துப் பார்த்தால் கறுப்பின் ஓரத்தில் மயிரிழை அகலத்தில், கட்டைவிரல் நகம் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு. அலுமினியம்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஓவனில் உருகும்போது பவுடர் கூரான விளிம்பிலிருந்து விலகி இரண்டு பக்கச் சரிவிலும் இறங்கிவிடும். நடுவில் 80 மைக்ரான் இருக்கும் இடத்தில் விளிம்பில் அதன் பாதிகூட இருக்காது. விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டு வேலை பார்ப்பது அதற்காகத்தான். டேப் மேஜை மேலேயே இருந்தது. நான் எடுத்து ஒட்டவில்லை.

பெயின்டாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். பவுடரில் ஒட்டு வேலை கிடையாது. மொத்த வீலையும் உரித்து, மறுபடி தூவி, மறுபடி சுட வேண்டும். பல் குத்தும் குச்சியால் டச்சப் கறுப்பைத் தொட்டு வைத்தேன். நிழலில் தெரியாது, வெயிலில் தெரியும். ஒரு மழைக்காலம் போனதும் அதன் அடியில் நூல் மாதிரி ஒரு வெளுப்பு புழு போல நெளிந்து உள்ளே போக ஆரம்பித்தது. ஈரம் உள்ளே போய்விட்டது, இனி அது நிற்காது. ஒவ்வொரு தடவை கழுவும்போதும் என் கை முதலில் அங்கேதான் போகிறது. இன்னொரு கொடுமை என்னவென்றால், அந்த ஸ்போக் மட்டும் கண்ணாடியாக இருப்பதால் மிச்சமிருக்கும் பத்தொன்பதும் சொரசொரவென்று தெரிகின்றன. நான் தொடாமல் இருந்தவரை அவற்றில் ஒரு குறையும் இல்லை.

மேட், சாட்டின் என்கிற மங்கலான வகைக் கோட்டிங் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: தேய்க்காதீர்கள். தேய்த்த இடம் திட்டுத்திட்டாகப் பளபளக்கும், அதைத் திரும்ப மங்கலாக்க வழியே இல்லை. சொரசொரப்பான கோட்டிங் உள்ள ரூஃப் ரேக், பம்பர் கார்டு எல்லாம் அதே கதைதான். குழிகளில் வேக்ஸ் காய்ந்து வெள்ளையாக நிற்கும். பழைய டூத்பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். மேலே கிளியர் இல்லாத வெள்ளி மெட்டாலிக் அதைவிட மோசம், துகள் வெளியே வந்து சாம்பலாகத் தீற்றிக்கொள்ளும்.

சந்தோஷப்பட்ட ஒரு விஷயமும் உண்டு, நியாயத்துக்குச் சொல்கிறேன். பாலிஷ் முடிந்து ஆல்கஹாலால் துடைத்த பிறகு மேலே ஒரு செராமிக் கோட் (அழுக்கு ஒட்டாமல் காக்க மேலே தடவும் மெல்லிய திரவப் பூச்சு) போட்டேன். பளபளப்பு அதனால் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிரேக் தூசி பைப் தண்ணீரிலேயே முக்கால்வாசி ஓடிவிடுகிறது. ஸ்பாஞ்ச் வைத்துத் தேய்க்க வேண்டியதில்லை, அதனால் புதுக் கீறலும் அவ்வளவாக இல்லை. இதை முதல் நாளே போட்டிருந்தால் பாலிஷே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே நண்பனுக்கு நான் சொன்னது: பவுடர் கோட் தாராளமாகப் போடு, முதல் வாரமே செராமிக்கைப் போடு, பாலிஷ் மெஷினைக் கையில் எடுக்காதே.

"அப்ப உன் மெஷினைக் கொடு. உனக்குத்தான் வேண்டாமே" என்றான்.

கொடுக்கவில்லை. வலது பின் வீலில் ரெண்டு கீறல் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். டேப் வாங்கி வைத்திருக்கிறேன்.